வெள்ளைச் சட்டைக்காரர்கள் வெளியே நிற்கவும்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் வேட்டியிலிருந்து கிடைத்தது. எந்த வேட்டி, அது என்ன பாவம் செய்தது என்பதெல்லாம் நான்காம் பகுதியில் வரும். அதுவரை அது கொடியிலேயே கிடக்கட்டும்.

நான் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்ப்பவன். எனக்குத் துத்தநாக ஆக்சைடு என்றால் மூட்டை. டயர் கம்பெனிக்குப் போகும், பெயின்ட் கம்பெனிக்குப் போகும், கன்டெய்னர் கதவைத் திறந்தால் வெள்ளைத் தூசியாக மூக்கில் ஏறும். முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெர்சிக்கு அதே சரக்கு ஒரு சிட்டிகை போதும். நாசரேத் பெண். அந்த ஒரு சிட்டிகையை வைத்துக்கொண்டு மூன்று வருடமாகக் கல்லூரியில் பிஎச்.டி. செய்கிறாள்.

“இதுல அப்படி என்னதான் இருக்கு பெர்சி? பவுடர்தானே?” என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன். மாடிப்படியிலேயே என்னை உட்காரவைத்துவிட்டாள்.

“அண்ணாச்சி, ஒரு பொருளச் சின்னதாக்கிக்கிட்டே போனா ஒரு கட்டத்துல அது வேற ஆளாயிரும். உங்க தலைமுடி ஒண்ணக் குறுக்க வெட்டுங்க. அந்த வெட்டுவாய்ல நான் செய்யித குச்சி லட்சக்கணக்குல நிக்கும். அதுமேல கண்ணுக்குத் தெரியாத புறஊதா வெளிச்சத்த அடிச்சா, கண்ணுக்குத் தெரியித வெளிச்சமாத் திருப்பிக் குடுக்கும்.”

“என்ன கலர்ல?”

“அதான் அண்ணாச்சி கேள்வியே!” என்று கையைத் தட்டினாள். அந்தத் தட்டலில்தான் இதை எழுதியே தீருவது என்று முடிவு செய்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

முத்துக்குளித்துறையின் ஆழ்கடலில் ஒளிந்திருக்கும் வெண்முத்தைப் போல, அவளுடைய கையிலும் ஒரு

[அடித்தேன். தூத்துக்குடி என்றவுடன் முத்தில் தொடங்காத ஆள் கிடையாது. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். நகைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததைத் தவிர ஒரு முத்தும் எனக்குப் பழக்கமில்லை.]

இரண்டாம் முயற்சி:

ஆதிச்சநல்லூர்த் தாழிகளைச் செய்த மூதாதையர் அறிந்திருந்த நெருப்பின் ரகசியம், இதோ மீண்டும்

[இதையும் அடித்தேன். பெர்சியோடு ஆராய்ச்சி செய்யும் சுடலைக்கண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, எங்க லேப் உலைக்கும் தாழிக்கும் என்ன சம்பந்தம்? செத்தவங்களையாவது சும்மா விடுங்க” என்றான்.]

மூன்றாம் முயற்சி:

பெர்சி ஒரு பீக்கரை எடுத்தாள்.

இது நிற்கும்.

பெர்சி ஒரு பீக்கரை எடுத்தாள். துத்தநாக அசிட்டேட்டைத் தண்ணீரில் கரைத்தாள். அதில் காஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, மோர் திரிந்த மாதிரி வெள்ளையாகத் திரண்டது. எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் இந்த வேலைக்குப் பறிக்காத இலை கிடையாது: வேப்பிலை, துளசி, கற்றாழை, முருங்கை, எல்லாவற்றின் சாற்றிலும் துத்தநாகத்தைப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். பெர்சி அந்தப் பக்கமே போகவில்லை. “இலையப் போட்டா எனக்கு ரசம் ஞாபகம்தான் வரும்” என்பாள். திரண்டதை ஒரு எஃகுச் சிமிழில் இறுக மூடி அடுப்பில் வைத்தாள். பிரஷர் குக்கர்தான், விசில் மட்டும் அடிக்காது. வெந்து முடிந்ததைக் கழுவி, காயவைத்து, இருட்டறைக்குக் கொண்டுபோய்ப் புறஊதா விளக்கின் கீழ் வைத்தாள். வங்கியில் கள்ளநோட்டுப் பார்ப்பார்களே, அதே சாதி விளக்கு.

பச்சை. மங்கலான, அழுமூஞ்சிப் பச்சை.*

மூன்று வருடமாக அதே பச்சைதான். சூட்டைக் கூட்டினாள், குறைத்தாள், காஸ்டிக்கை மாற்றினாள், நேரத்தை மாற்றினாள். உலகத்தில் எல்லோருக்கும் வருகிற அதே பச்சை அவளுக்கும் வந்துகொண்டிருந்தது. அடுத்த மாதம் டாக்டரல் கமிட்டி கூடுகிறது. புதிதாக ஒன்றைக் காட்டினால் தீசிஸ் எழுதலாம். இல்லையென்றால் இன்னொரு வருடம் இதே பீக்கர், இதே பச்சை, இதே முத்தையாபுரம் பஸ். பெர்சிக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

* பச்சை எங்கிருந்து வருகிறது? படிகத்துக்குள் ஆக்சிஜன் இருக்கவேண்டிய சில இடங்கள் காலியாகக் கிடக்கும். அங்கிருந்துதான் என்பது ஒரு கட்சி. இல்லை, துத்தநாகம் நுழையக்கூடாத சந்தில் நுழைந்துகொள்வதால்தான் என்பது இன்னொரு கட்சி. இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். நான் இந்த இடத்தில், ‘குறை இருக்கும் இடத்தில்தான் ஒளி பிறக்கிறது’ என்று ஒரு வாக்கியம் எழுதிவைத்திருந்தேன். பெர்சி படித்தாள். “பிரசங்கம் வேண்டாம் அண்ணாச்சி, அத நான் ஞாயித்துக்கெழம கேட்டுக்கிடுதேன்” என்றாள். அடித்துவிட்டேன்.

3

இனி கதை ஓட்டம் பிடிக்கும். இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெந்த பொடியைத் தண்ணீரிலிருந்து பிரிக்க ஒரு சுழற்று இயந்திரம் வேண்டும். அது ரிப்பேருக்குப் போய்விட்டது. வடிதாளும் தீர்ந்துவிட்டது. கமிட்டியோ நெருங்குகிறது. நம்மூர்ப் பெண் என்ன செய்வாள்? பாலோ, பாகோ, கஷாயமோ, எது என்றாலும் நம் வீடுகளில் வெளுத்த வேட்டித்துணியில்தான் வடிகட்டுவார்கள். பெர்சி வீட்டிலிருந்து நல்ல சுத்தமான வேட்டித்துண்டு ஒன்றைக் கொண்டுபோனாள். நாலாக மடித்து, பொடியை வடிகட்டி, துணியோடு காயவைத்து, சுரண்டி எடுத்தாள். விளக்கைப் போட்டாள்.

நீலம்!

பச்சை போன இடம் தெரியவில்லை. கண்ணைப் பறிக்கும், பளீரென்ற நீலம்.

“ஏசப்பா!” என்று அவள் கத்தியதில் அடுத்த அறையிலிருந்த சுடலைக்கண்ணன் கையிலிருந்த டீயோடு ஓடிவந்தான். பார்த்தான். டீயைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றான்.

“ஏளா பெர்சி, என்னத்தளா போட்ட?”

“ஒண்ணும் போடலலே! எப்பவும் போடுததுதான்!”

“திரும்பச் செய்யி. திரும்ப வந்தாத்தான் நெசம்.”

திரும்பச் செய்தாள். அதே அளவு, அதே சூடு, அதே துணி. திரும்பவும் நீலம்! ஒருமுறை வந்தால் அதிர்ஷ்டம், மறுமுறையும் வந்தால் அறிவியல். இரண்டு பேரும் இருட்டறைக்குள் குதித்த குதியில் அலமாரிக் குடுவைகள் கலகலத்தன. வழிகாட்டி ஞானையா சார் வந்தார். குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “இது போதும்மா. இதுக்குத்தானே இத்தன வருஷமாக் காத்துக் கெடந்தோம்” என்றார்.

[ஞானையா சார்மேல் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கதைக்கு ஒரு வில்லன் வேண்டாமா? முதல் வரைவில் அவரை மாணவியின் கண்டுபிடிப்பைத் தன் பெயரில் போட்டுக்கொள்கிறவராக எழுதினேன். பெர்சிக்கு வந்ததே கோபம்! “அவரு தன்னோட மத்தியானச் சாப்பாட்டப் பாதி எங்களுக்குக் குடுக்கவரு. அவரத் திருடன்னு எழுதினீங்கன்னா நான் வீட்டக் காலி பண்ணிருவேன்.” நல்ல குடித்தனக்காரி கிடைப்பது கஷ்டம். சாரை நல்லவராக்கிவிட்டேன். அவர் நிஜமாகவும் நல்லவர்தான், அவசரக்காரர் மட்டும். அன்றைக்கே ஒரு கருத்தரங்குக்கு, ‘துத்தநாக ஆக்சைடு நானோகுச்சிகளின் அபூர்வ நீல ஒளிர்வு’ என்று தலைப்பு அனுப்பிவிட்டார்.]

அன்று சாயங்காலம் பெர்சி பஸ்ஸை விட்டு இறங்கி ஓடியே வந்தாள். என் மனைவி இந்துமதி கேசரி கிண்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வீட்டு மாடியிலிருந்து உலகத்துக்கே ஒரு புது நீலம்! இரண்டு தட்டு கேசரி சாப்பிட்டேன்.

முறைப்படி ஒளிர்வை அளக்கிற கருவி வெளியூரில் இருந்தது. அங்கே வரிசை நீளம். கமிட்டிக்குள் முடியாது. ஆகவே கமிட்டிக்குக் கண்ணால் காட்டிவிடுவது என்று முடிவாயிற்று.

4

கமிட்டி நாள். பதினொரு மணிக்குக் கூட்டம். பத்தரைக்குப் பெர்சி இருட்டறையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் பொடி, மேலே விளக்கு, நீலம் ஜம்மென்று எரிந்தது. ஞானையா சார் உள்ளே வந்தார். முக்கியமான நாள் என்பதால் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த தூய வெள்ளைச் சட்டை. “தட்ட இந்தப் பக்கம் தள்ளி வையிம்மா” என்று விளக்குக்குக் கீழே கையை நீட்டினார்.

அவருடைய சட்டைக் கைப்பட்டி நீலமாக எரிந்தது.

அதே நீலம். பொடியின் நீலத்துக்கும் கைப்பட்டியின் நீலத்துக்கும் எள்ளளவு வித்தியாசம் கிடையாது. சார் தட்டையே பார்த்துக்கொண்டிருந்ததால் தன் கையைக் கவனிக்கவில்லை. “பிரமாதம்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

பெர்சி கவனித்துவிட்டாள். பையைக் குடைந்து மிச்சமிருந்த வேட்டித்துண்டை எடுத்து விளக்கின் கீழ் போட்டாள். பொடியெல்லாம் பிச்சை வாங்க வேண்டும், அப்படி எரிந்தது! துண்டைத் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரை ஒரு வெறும் பீக்கரில் ஊற்றி விளக்கில் காட்டினாள். தண்ணீரும் நீலம். அந்த பீக்கரில் துத்தநாகம் ஒரு துளிகூடக் கிடையாது.

சலவைப் பவுடர்! வெள்ளையை இன்னும் வெள்ளையாகக் காட்ட அதில் ஒரு சாயம் கலக்கிறார்கள். அது புறஊதாவை வாங்கிக்கொண்டு நீலத்தை விடும்; வெயிலில் நம் கண் அந்த நீலத்தைத்தான் ‘பளிச்’ என்கிறது. துணியில் ஒட்டியிருந்த சாயம் வடிகட்டும்போது பொடியில் இறங்கிவிட்டது. துணி எவ்வளவு வெளுப்போ அவ்வளவு கெடுதல். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பாதே என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வெளுத்த வேட்டியை நம்பாதே என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

இப்போது அந்த வேட்டியைக் கொடியிலிருந்து எடுக்கலாம். முதல் வரைவில், ‘நாசரேத்திலிருந்து அவளுடைய அம்மா அற்புதமணி டீச்சர் கொடுத்தனுப்பிய துணி’ என்று எழுதியிருந்தேன். அற்புதமணி டீச்சர் பாவம், அவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது என் வேட்டி. ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் லாரிக் கொக்கியில் மாட்டிக் கிழிந்தது. இந்துமதி துண்டு துண்டாக வெட்டி அடுப்படியில் வைத்திருந்தாள். எங்கள் பக்கம் காற்று திரும்பினால் கொடித்துணியில் துறைமுகத்து நிலக்கரித் தூள் படியும். அதனால் அவள் மற்றவர்கள் ஒரு கரண்டி போடும் இடத்தில் மூன்று கரண்டி பவுடர் போடுவாள். என் வேட்டி வெளுப்பில் தெருவே கண் வைக்கும். பெர்சி கேட்டபோது இந்துமதி இருப்பதிலேயே வெளுத்த துண்டாகப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறாள்.

5

பதினொன்றுக்குப் பத்து நிமிடம்.

[இங்கே நான் பெர்சியை நம்பவில்லை. சும்மா இருந்தால் நீலம் அவளுடையது. கமிட்டியில் யாருக்குத் தெரியப்போகிறது? ‘அவள் விளக்கை அணைத்தாள். மௌனமாக’ என்று எழுதிக்கூடப் பார்த்தேன். வாக்கியம் அதற்கு மேல் நகரமாட்டேன் என்றது. ஒன்று சொல்கிறேன், அந்த இடத்தில் நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.]

பெர்சி நேராக ஞானையா சாரிடம் போனாள். “சார், அந்த நீலம் நம்ம பொடியோடது இல்ல. உங்க சட்டையிலயும் இருக்கு.” சொல்லும்போதே அழுதுவிட்டாள். சார் இருட்டறைக்குள் போய்த் தன் கையை விளக்கில் நீட்டிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“தலைப்ப வேற அனுப்பிட்டனேம்மா” என்றார்.

“வாபஸ் வாங்கிருவோம் சார்.”

“கமிட்டிக்கு என்னத்தக் காட்ட?”

“இதையே காட்டுதேன்.”

கமிட்டியில் வெளிப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் ஆக்னஸ் மேடம். கேள்வி கேட்டே ஆளை உரித்துவிடுவார் என்று பேர். பெர்சி மூன்று தட்டுகளை வரிசையாக வைத்தாள்: ஒன்றில் பொடி, ஒன்றில் வேட்டித்துண்டு, ஒன்றில் அலசிய தண்ணீர். விளக்கைப் போட்டாள். மூன்றும் ஒரே நீலம்.

“இது எந்த மெத்தட்?” என்றார் ஆக்னஸ் மேடம்.

“சலவை மெத்தட், மேடம்.”

சுடலைக்கண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருமுவதுபோல் வெளியே ஓடிவிட்டான். பெர்சி நடந்ததைப் பூசி மெழுகாமல் முழுக்கச் சொன்னாள். மேடம் சிரிக்கவில்லை. “சரி. அந்தச் சாயத்த எரிச்சுட்டா அடியில என்ன இருக்குன்னு பாத்தியா?”

பெர்சி பார்க்கவில்லை. அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை.

“ஐந்நூறு டிகிரியில வையி. சாயமும் போயிரும், பொடியில ஒட்டின துணி நூலும் எரிஞ்சிரும். நூல் எரியும்போது பக்கத்துல இருக்க ஆக்சிஜனப் பிடுங்கும். பிடுங்கினா உன் படிகத்துல காலியிடம் கூடலாம். கூடினா வெளிச்சமும் கூடலாம். கூடாமலும் போகலாம், எனக்குத் தெரியாது. நான் இன்னைக்கு ஊருக்குப் போகல. நாளைக்குக் காலையில எல்லாரும் பாப்போம். பழைய பச்சையேன்னா இன்னும் ஒரு வருஷம் வேல செய்யணும். புதுசா எதுவும்னா எழுத ஆரம்பி.”

பெர்சியின் முகத்தைச் சுடலைக்கண்ணன் கதவிடுக்கில் பார்த்தானாம். “அழுத மூஞ்சிதான் அண்ணாச்சி, ஆனா கண்ணு ரெண்டும் உலைய நோக்கிப் போயிட்டுது” என்றான்.

இரண்டு கிண்ணங்கள் உலைக்குள் போயின. ஒன்றில் வேட்டியில் வடித்த பொடி. இன்னொன்றில் துணியே படாத பழைய பொடி, ஒப்பிட்டுப் பார்க்க. இந்த முறை பெர்சி தன் கையைக்கூட நம்பவில்லை. இரண்டு தடவை கழுவிவிட்டுத்தான் கிண்ணத்தைத் தொட்டாள்.

6

உலை ஆறுகிற நேரத்தில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முடிவுகளை எழுதித் தள்ளினேன். பெர்சி சாப்பிட வந்தபோது வாசித்துக் காட்டினேன்.

(அ) விளக்கைப் போட்டதும் பச்சை பொங்கியது. ஆக்னஸ் மேடம் எழுந்து நின்று கைதட்டினார். தூத்துக்குடி வேட்டி முறை என்று அதற்கு

“சினிமா” என்றாள் பெர்சி. “சாம்பார ஊத்துங்கக்கா.”

(ஆ) அதே மங்கல் பச்சை. பெர்சி கடற்கரைக்குப் போய்த் தொலைவில் நிற்கும் கப்பல்களைப் பார்த்தபடி

“நான் எதுக்கு அண்ணாச்சி கப்பலப் பாக்கணும்? மறுபடி காஸ்டிக் கரைக்கணும்லா, நேரம் ஏது?”

(இ) விளக்கைப் போட்டார்கள். வெளிச்சமே இல்லை. இரண்டு கிண்ணத்திலும் வெறும் வெள்ளைப் பொடி இருந்தது.

பெர்சி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். “இதுவும் நடக்கும்” என்றாள் பிறகு. “நடந்தா ஒரு நாள் பூரா அழுவேன். அத வேணா எழுதிக்கிடுங்க.”

“உனக்கு எது வேணும், அதச் சொல்லு. அதையே எழுதுதேன்.”

“அப்படித்தானே மொத ரெண்டு தடவையும் நான் பாத்தேன்! எனக்கு நீலம் வேணும்னு இருந்துச்சு, நீலம் வந்துச்சு. முடிவ நீங்களே வச்சிக்கிட்டு கதைய அதுல வடிகட்டாதீங்க அண்ணாச்சி. காலையில என்ன கலர் வந்தாலும் சரி, இந்தத் தடவ அது பொடியோட சொந்தக் கலர். எனக்கு அது போதும்.” ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “போதும்னு இப்பச் சொல்லுதேன். காலையிலயும் சொல்லணும், அதான் பயம்” என்று சிரித்தாள்.

மூன்றையும் கிழித்துப் போட்டேன். இந்துமதி அந்தத் தாள்களைக் கேஸ் அடுப்பு துடைக்க எடுத்துக்கொண்டாள்.

7

இதை இருட்டறைக்கு வெளியே நின்றுகொண்டு எழுதுகிறேன். காலையில் பெர்சி எங்கள் இருவரையும் கையோடு அழைத்துவந்துவிட்டாள். “வேட்டிக்காரர் இல்லாம எப்படித் திறக்க?” என்றாள். கதவில் சுடலைக்கண்ணன் ஒரு அட்டை மாட்டியிருக்கிறான். இந்தக் கதையின் தலைப்பை அதிலிருந்துதான் எடுத்தேன். ஞானையா சார் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு சட்டை போட்டு வந்திருக்கிறார். அவரை நிறச் சட்டையில் பார்ப்பது இதுவே முதல்முறை என்று மாணவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆக்னஸ் மேடம் அடர்பச்சைப் புடவை. நான் சாம்பல் பேன்ட். இந்துமதி மட்டும் விடாமல், “அப்ப நான் வெளுக்கது தப்பாங்க?” என்று என் விலாவில் இடித்துக்கொண்டிருக்கிறாள். தப்பில்லை இந்துமதி, நாளைக்குப் பேசுவோம்.

பெர்சி இடுக்கியால் இரண்டு கிண்ணங்களையும் எடுத்து விளக்கின் கீழ் வைத்துவிட்டாள். இரண்டும் வெள்ளையாகத்தான் இருக்கின்றன. கதவைச் சாத்தினால் இருட்டு. “அண்ணாச்சி, நீங்களே சுவிட்சப் போடுங்க” என்கிறாள். சந்தோஷத்திலா பயத்திலா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

நான் போடமாட்டேன். எனக்கு இன்னும் அந்த (அ) முடிவின்மேல் ஆசை போகவில்லை. என் வேட்டி எரிந்ததற்கு ஒரு பலன் வேண்டும் என்று அடித்துக்கொள்கிறேன். இந்த மனசோடு பார்த்தால் மங்கல் பச்சையும் எனக்குப் பொங்குகிற பச்சையாகத்தான் தெரியும். இதற்குப் புதிய கண் வேண்டும்.

நீங்கள் வாருங்கள். இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். பெர்சிக்கு இன்னொரு வருடமா, இல்லையா என்பது அந்தக் கிண்ணங்களில் இருக்கிறது. பார்த்ததைப் பார்த்தபடி அவளிடம் சொல்லுங்கள், அது போதும். உள்ளே வருமுன் ஒரு நிமிடம் குனிந்து உங்கள் சட்டையைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் அட்டையில் எழுதியிருப்பது உங்களுக்குத்தான். மாற்றிக்கொண்டு வாருங்கள், காத்திருக்கிறோம்.

சுவிட்ச் கதவுக்கு இடப்பக்கம் இருக்கிறது.